விரதத்துக்குள்ள மரியாதை

வங்கியில் எங்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை முழு உடல் பரிசோதனை உண்டு. எனக்கு 48 வயதான வருடம் வந்த தாளில் எடை 81 கிலோ, உயரம் 157 சென்டிமீட்டர், மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.3 என்று இருந்தது. 5.7-க்குக் கீழே என்றால் கவலை இல்லை, 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். நான் நடுவில், ஆனால் நோயின் பக்கம் சாய்ந்து நின்றிருந்தேன். "அம்மாவுக்கு சுகர் இருக்கா?" என்று டாக்டர் கேட்டார். இருந்தது. அம்மா தினமும் இரண்டு வேளை வயிற்றில் இன்சுலின் போட்டுக்கொள்வதை என் கல்லூரிக் காலத்திலிருந்து பார்த்து வருகிறேன். "அஞ்சு கிலோவாவது குறைங்க. நடங்க. சோத்தைக் குறைங்க" என்றார். அதற்குள் அடுத்த டோக்கன்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டார்.

டயட் எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. வெறும் வயிற்றில் வெந்நீர், தேன், எலுமிச்சை. பிறகு ஓட்ஸ் கஞ்சி. பிறகு ராத்திரிச் சோற்றுக்குப் பதில் சப்பாத்தி. எல்லாம் ஒரு பருவம் இருந்துவிட்டுப் போயிருக்கின்றன. தமிழ்நாட்டில் பேலியோ அலை அடித்தபோது என் தம்பி பாதாமை எண்ணிச் சாப்பிட்டு, பட்டர் டீ குடித்து, இட்லி தின்னும் எங்களைப் பாவிகளாகப் பார்த்தான். அடுத்துச் சிறுதானியம் வந்தது. குதிரைவாலி, சாமை என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று பேங்கில் பாதிப் பேர் நம்பினார்கள். அரிசியோ கம்போ கோதுமையோ, 100 கிராமில் இருப்பது ஏறக்குறைய 350 கலோரிதான். நார்ச்சத்து மாறும், ரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேகம் மாறும். தட்டு நிறைய அள்ளிப்போட்டால் மூன்றும் ஒரே வேலையைத்தான் செய்யும். இரவில் நான்கு சப்பாத்தியும் தேங்காய் அரைத்த குருமாவும் சாப்பிட்டுவிட்டு "சோறே தொடுறதில்லை" என்கிறவர்கள் பேசாமல் ஒரு கிண்ணம் சோறும் ரசமும் சாப்பிட்டிருக்கலாம்.

உணவியல் ஆலோசகர் ஒருவரிடம் போனேன். தட்டில் பாதி காய், கால் பங்கு சோறு, மீதிக் கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ. அவ்வளவுதான் அவர் சொன்னது. காசு கொடுத்துக் கேட்கிற அளவுக்கு இதில் என்ன இருக்கிறது என்று வெளியே வரும்போது தோன்றியது.

முதல் இரண்டு வாரத்தில் மூன்று கிலோ போல இறங்கியது. அந்த இரண்டு வாரமும் நான் பேசாத பேச்சில்லை. பக்கத்து கவுண்டர் பெண்ணுக்கு வெள்ளரிக்காயின் பெருமையை எடுத்துச் சொன்னேன். புடவைக் கொசுவத்தில் ஒரு மடிப்புக் கூடியது. இறங்கியதில் பெரும்பகுதி தண்ணீர் என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். கல்லீரலும் தசைகளும் அவசரத் தேவைக்கென்று அரைக் கிலோ அளவுக்கு கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்தைச் சேமித்து வைக்கின்றன. அதில் ஒவ்வொரு கிராமும் தன்னோடு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருக்கும். சோற்றைக் குறைத்ததும் இந்தக் கையிருப்பு கரைந்து, தண்ணீரும் கூடவே வெளியேறிவிடுகிறது. கொழுப்பு அப்படிப் போவதில்லை. ஒரு கிலோ கொழுப்பு கரைய 7,700 கலோரி பற்றாக்குறை விழ வேண்டும். தினம் 500 கலோரி குறைத்துச் சாப்பிட்டாலும் அதற்கு அரை மாதம் ஆகும்.

இந்தக் கணக்கு முதலில் கசந்தது. தீபாவளிக்கு மறுநாள் இனித்தது. அன்று காலை எடைக் கருவி இரண்டு கிலோ கூட்டிக் காட்டியது. பழைய நானாக இருந்தால் அதோடு டயட்டை மூட்டை கட்டியிருப்பேன். ஆனால் இரண்டு கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால் வழக்கத்துக்கு மேல் 15,400 கலோரி உள்ளே போயிருக்க வேண்டும். என் மாமியார் சுட்ட கைமுறுக்கு எவ்வளவு ருசி என்றாலும் இரண்டு நாளில் அது நடக்கிற காரியமில்லை. மாவுச்சத்தும் உப்பும் பிடித்து வைத்த தண்ணீர் அது. நாலைந்து நாளில் வந்த வழியே போயிற்று.

மதுரை ஜங்ஷனில் முன்பு கலர் விளக்கு சுழலும் எடை எந்திரம் ஒன்று நிற்கும். காசு போட்டால் கடகடவென்று சத்தம் போட்டு ஓர் அட்டையைத் துப்பும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் நம் குணபலன். சின்ன வயதில் எடைப் பக்கத்தை யாரும் பார்த்ததே இல்லை. குணபலனைப் படித்துவிட்டு ரயில் வரும்வரை ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டிருப்போம். இப்போது குளியலறை வாசலில் கிடக்கும் கண்ணாடிக் கருவி குணபலன் எதுவும் சொல்வதில்லை. நாம்தான் எடையையே குணபலனாகப் படிக்கிறோம். அரைக் கிலோ குறைந்தால் நல்லவள், கட்டுப்பாடு உள்ளவள். அரைக் கிலோ கூடினால் எதற்கும் லாயக்கில்லாதவள். காலை ஆறு மணிக்கே அன்றைய நாள் எப்படி என்று தீர்ப்பாகிவிடுகிறது. நான் வாரத்துக்கு ஒருநாள், வெள்ளிக்கிழமை மட்டும் ஏறுவது என்று வைத்துக்கொண்டேன். வெள்ளிக்கு ஒரு காரணமும் இல்லை. சனி ஞாயிறு விருந்துகளுக்கு முன்னால் வருவதுதான் அதன் சிறப்பு.

அதன்பின் எடை நின்றுபோயிற்று. 75-க்கும் 76-க்கும் நடுவே மாதக்கணக்கில். சாப்பாடு மாறவில்லை, நடை குறையவில்லை, எண் மட்டும் அசையவில்லை. டயட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தக் கட்டத்தை ஒரு பத்தியில் தாண்டிவிடுகிறார்கள். என் அனுபவத்தில் டயட் என்பதே இந்தக் கட்டம்தான். இறங்குகிற மாதங்களில் யாருக்கும் ஊக்கம் தேவைப்படுவதில்லை. இறங்குகிற எண்ணே போதும்.

அந்த மாதங்களில் எனக்கு ஒரு விசித்திரப் பழக்கம் வந்தது. இரவு படுக்கையில் சமையல் வீடியோ பார்ப்பேன். புதுக்கோட்டைப் பக்கத்துத் தாத்தாவும் பேரன்களும் வயல்வெளியில் அண்டா வைத்து பிரியாணி கிளறும் வில்லேஜ் குக்கிங் சேனலில் தொடங்கி, மும்பை வடாபாவ், துருக்கிக்காரர் சுடும் கறி என்று நள்ளிரவு வரை போகும். நான் சமைக்கப் போவதில்லை, தின்னப் போவதுமில்லை. என்ன பைத்தியம் இது என்று பயமாகவே இருந்தது. மருத்துவம் சார்ந்த படிப்புப் படிக்கும் என் மகள்தான் மினசோட்டா ஆய்வைப் பற்றிச் சொன்னாள். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், 1944–45-இல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்து, அதற்குப் பதில் தங்கள் உடம்பை ஆய்வுக்குக் கொடுத்தவர்கள் அவர்கள். பட்டினியால் வாடும் ஐரோப்பியர்களுக்கு எப்படிச் சாப்பாடு கொடுத்துத் தேற்றுவது என்று கண்டறிவதற்கான ஏற்பாடு. எடையில் கால் பங்கு போனது. அதைவிட விசேஷம், அந்த ஆண்களின் பேச்சும் நினைப்பும் சாப்பாடு ஒன்றிலேயே போய் நின்றது. சமையல் புத்தகங்களை வாங்கிச் சேர்த்தார்கள், படித்தார்கள், தட்டை நக்கினார்கள். கொள்கைக்காகப் போரையே மறுத்த மன உறுதிக்காரர்கள்!

எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. என் பசி அவர்கள் பசியின் பக்கத்தில் வராது. ஆனால் உடம்பு எடையைக் குறைய விடாமல் எதிர்த்து நிற்கும் என்பது புரிந்தது. இளைத்த உடம்பைச் சுமக்கக் குறைந்த கலோரி போதும். போதாக்குறைக்கு உடம்பு தன் செலவையும் சுருக்கிக்கொள்ளும். கொழுப்பு குறையக் குறைய, 'போதும்' என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோனும் குறையும். அது கண்டுபிடிக்கப்பட்டதே 1994-இல்தான். அதற்கு முந்தைய தலைமுறைகளில் குண்டாக இருந்த எல்லாரையும் 'வாயைக் கட்டத் தெரியாதவர்கள்' என்று சொல்லியே முடித்துவிட்டோம். வீடியோ பார்ப்பதை நிறுத்தவில்லை. ராத்திரிச் சாப்பாட்டில் ஒரு முட்டையைக் கூட்டினேன். கொஞ்ச நாளில் அண்டா பிரியாணி அலுத்துத் தூக்கம் வந்தது.

சமைக்கிறவள் டயட் இருப்பது தனி வித்தை. மனைவி தட்டில் வைத்துக் கொடுக்க டயட் இருக்கும் ஆண்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். காலையில் மூன்று பேருக்கு மூன்று விதம், மதியத்துக்கு டப்பா, மாலை ஏதாவது கொறிக்க. உப்புப் பார்க்க ஒரு கரண்டிக் குழம்பு, வெந்ததா என்று பார்க்க உருளைக்கிழங்கு வறுவலில் நாலு துண்டு, மகன் தட்டில் விட்டுப்போன அரைத் தோசை, குக்கர் அடியில் தங்கிய ஒரு பிடி சோறு. இவை எதுவும் சாப்பாட்டுக் கணக்கில் வராது, ஏனென்றால் நின்றுகொண்டே தின்றவை. ஆலோசகர் ஒரு வாரத்துக்கு வாயில் போட்டதையெல்லாம் எழுதச் சொன்னார். எழுதிக் கூட்டினால் நின்றபடி தின்றது மட்டும் தினம் 250 கலோரிக்குப் பக்கம் வந்தது. நான் குறைத்ததாக நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி அங்கே போய்க்கொண்டிருந்தது. பெண்கள் கடைசியில் சாப்பிடுகிற வீடுகளில், குப்பைக்கூடைக்கு முன்னால் இருக்கும் கடைசிப் பாத்திரம் அம்மாவின் வயிறுதான். 'வீணாப்போகுதே' என்ற ஒரு சொல்லில் எத்தனை பெண்களின் இடுப்பு பருத்திருக்கிறது!

இதற்கு மன உறுதி எதுவும் உதவவில்லை. ஓர் ஒழுங்குதான் உதவியது. நான் சாப்பிட உட்காரும் முன்பே மிச்சம் மூடி போட்டு ஃபிரிட்ஜுக்குள் போய்விடும். மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் என் மாமியார் சின்ன வெங்காயத்தோடு சாப்பிட்டுவிடுவார். அரைத் தோசையை விட்டவன் மாலையில் அதையே சுட வைத்துத் தின்ன வேண்டும். மகன் இரண்டு நாள் முறைத்தான். மூன்றாம் நாளிலிருந்து தோசையை விடுவதில்லை.

வெளியே இந்த ஒழுங்கெல்லாம் செல்லாது. பேங்கில் பதவி உயர்வு என்றால் ஸ்வீட், காரம், காபி. இடமாற்றல் என்றால், வந்தவருக்கு ஒன்று, போகிறவருக்கு ஒன்று. கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர் கையில் ஒரு டப்பா. இவற்றையாவது மேசை இழுப்பறையில் போட்டுவைத்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம். உறவுக்காரர் பந்தியில் என்ன செய்வது?

ஆவணி முகூர்த்தம் ஒன்றில் நடந்தது இது. ஐந்து கிலோ குறைந்திருந்த நேரம். என் சித்தி தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "ஏன்த்தா, என்ன இப்படி எளைச்சுப் போயிட்ட? உடம்புக்கு ஏதும் முடியலையா?" இல்லை சித்தி, டயட் என்றேன். "என்னத்த டயட்டோ! முகம் செத்துப்போச்சு. வா, இலை போட்டாச்சு." இலையில் உட்கார்ந்ததும் தம்பி மனைவி ஜாங்கிரியோடு வந்தாள். வேண்டாம் என்று கையால் இலையை மறைத்தேன். "ஒண்ணுதான மதினி, ஒரு நாள் சாப்பிட்டா என்ன ஆகப்போகுது?" என்று கைக்கும் இலைக்கும் நடுவே இருந்த சந்தில் வைத்துவிட்டுப் போனாள். அவள் போனதும் பெரியப்பா மகன் பாயசத்தோடு வந்தான். "அக்கா எங்க கையால வாங்கமாட்டாகளா?" இதற்குப் பதில் கிடையாது. வாங்காவிட்டால் அவன் மனம் நோகும். அடுத்த விசேஷத்துக்கு அழைக்கும்போது அது பேச்சில் வரும். அன்று சித்தி என் ஜாங்கிரி தீர்ந்ததைப் பார்த்து இன்னொன்று வைக்கச் சொன்னார். அவர்களில் யாருக்கும் என்மேல் அன்பு குறைவில்லை. அன்புதான் சிக்கல். நம் ஊரில் இளைத்தவர் என்றால் நோயாளி அல்லது கவலைக்காரர். இரண்டுக்கும் மருந்து இன்னொரு கரண்டி.

அந்த வருடம் கார்த்திகை பிறந்ததும் என் கணவர் மாலை போட்டார். வருடா வருடம் போடுகிறவர்தான். ஆனால் அந்த வருடம்தான் நான் அதைக் கவனித்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி இல்லையென்றால் முகம் தொங்கிப்போகிற மனிதர். மாலை நாலு மணி வடை தள்ளிப்போனால் எரிந்து விழுகிறவர். அப்படிப்பட்டவர் ஒரு மண்டலம் கறியில்லை, மீனில்லை, முட்டையில்லை, செருப்பில்லை, விடியற்காலையில் பச்சைத் தண்ணீர்க் குளியல், ராத்திரி இரண்டு இட்லி என்று முகம் கோணாமல் இருந்தார். மாலை போட்டதும் எல்லாருக்கும் அவர் சாமி. "சாமிக்கு என்ன பலகாரம்?" என்று பயபக்தியோடு கேட்கிறார்கள். அவர் மாலையோடு இருக்கும்வரை வீட்டுக்குள் முட்டை நுழைவதில்லை. முனைக்கடை பஜ்ஜிக்காரர், "சாமி, இது ஆம்லெட் போட்ட சட்டி, வேணாம் சாமி" என்று அவராகவே தடுத்து அனுப்புகிறார். அதே ஆள் என்னிடம், "டயட்டா? அடப் போங்கக்கா, சூடா இருக்கு, ரெண்டு கட்டவா?" என்பார்.

என் கணவரின் மன உறுதி என்னுடையதைவிட உயர்ந்தது என்று நான் நம்பவில்லை, முப்பது வருடக் குடித்தனத்தில் அதற்குச் சான்றும் இல்லை. அவருடைய விரதத்தை அவர் ஒருவர் காக்கவில்லை. வீடு, தெரு, ஆபீஸ், பஜ்ஜிக்கடை எல்லாம் சேர்ந்து காத்தன. வேண்டாம் என்று அவர் ஒருமுறைகூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் ஒரு நாளில் எத்தனை தடவை சொல்ல வேண்டியிருந்தது என்று நினைத்துப் பார்த்தேன். ஊக்கம் என்பது ஒரு மனிதருக்குள் ஊறுகிற சமாச்சாரம் என்று பேசுகிறோம். விரதம் இருப்பவரைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. சுற்றியிருப்பவர்கள் கொடுக்கிற மரியாதையில் முக்கால்வாசி ஊக்கம் வந்துவிடுகிறது. டயட்டுக்கு நம்மிடம் அந்த மரியாதை கிடையாது, கேலிதான். விரதம் சாமிக்கு, டயட் அழகுக்கு என்ற நினைப்பு. என் டயட் அழகுக்கு இல்லை, அம்மாவின் ஊசி எனக்கு வேண்டாம் என்பதற்கு. ஒரு வித்தியாசத்தையும் சொல்லியாக வேண்டும்: விரதத்துக்கு மலையும் இருமுடியும் முடிவு தேதியும் உண்டு. மாலையைக் கழற்றிய மறுநாள் எங்கள் வீட்டில் மட்டன் சுக்கா. டயட்டுக்குக் கழற்றும் நாள் இல்லை.

ஒரு ஞாயிறு மதியம் வீட்டில் எல்லாரும் இருக்கும்போது சொன்னேன். "எனக்கும் மாலை போட்டிருக்குன்னு நெனைச்சுக்கங்க. கழட்டுற தேதி மட்டும் கிடையாது." கணவர் சிரித்தார். பிள்ளைகள் "டயட் சாமி, சரணம்" என்றார்கள். என் மாமியார் சிரிக்கவில்லை. அவர் சிவகங்கைப் பக்கம். விரதம் என்றால் விரதம். மறுநாளிலிருந்து கொள்ளை வறுத்து அரைத்து ரசம் வைக்கத் தொடங்கினார். விருந்தாளி யாராவது எனக்கு இனிப்பை நீட்டினால் நான் வாயைத் திறக்கும் முன்பே, "அவளுக்கு ஆகாது, வற்புறுத்தாதீக" என்று முடித்துவிடுவார். மருமகள் சொன்னால் பிகு. மாமியார் சொன்னால் சட்டம். நான் படித்த எந்த டயட் புத்தகத்திலும் மாமியாரைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

வீட்டுக்கு வெளியே எனக்குக் கிடைத்த இடம் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். மகால் கட்ட மண் தோண்டிய பள்ளத்தைத் திருமலை நாயக்கர் குளமாக்கினார் என்பது மதுரைக் கதை. ஒரு பக்கம் 305 மீட்டர், மறுபக்கம் 290. வெளியே ஒருமுறை சுற்றினால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும். விடிவதற்கு முன் பாதி அனுப்பானடியும் காமராசர் சாலையும் அங்கேதான் நடக்கும். அருகம்புல் சாறு, வாழைத்தண்டுச் சாறு, முடக்கத்தான் சூப் எல்லாம் கரையோரம் கிடைக்கும். அதே கரையில் மாலையானால் பஜ்ஜி, மசால் பொரி, பருத்திப்பால், ஜிகர்தண்டா. ஊரே காலையில் இளைத்து மாலையில் பருக்கிற இடம். காலைக் கூட்டத்திலும் எல்லாரும் சாறு குடிப்பதில்லை. நாலு சுற்று வியர்க்க நடந்துவிட்டு டீக்கடையில் இரண்டு உளுந்த வடையும் சீனி போட்ட டீயும் சாப்பிடும் ஒரு ஆண்கள் குழு உண்டு. நாலு சுற்றில் 250 கலோரி போனால் பெரிது. வடையும் டீயும் அதைச் சில்லறை பாக்கியில்லாமல் திருப்பிக் கொடுத்துவிடும். ஆனாலும் அவர்களை நான் கேலி செய்யமாட்டேன். அந்த வடைக்காகத்தான் மழை நாளிலும் அவர்கள் தவறாமல் வந்தார்கள்.

என்னை வரவைத்தது ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர். எல்லாருக்கும் டீச்சரக்கா. முழங்கால் வலி, மெதுவாகத்தான் நடப்பார். ஒருநாள் நான் வரவில்லை என்றால் போன் வராது, விசாரணை இல்லை. மறுநாள் போனால், "வந்துட்டியா, நட" என்பார். எடை நின்றுபோய் வெறுத்துப்போன ஒரு வாரத்தில், எனக்கு நடக்கவே பிடிக்கவில்லை அக்கா என்றேன். "நடக்காத. வந்து படியில உக்காந்து குளத்தைப் பாத்துட்டுப் போ. வர்றதை மட்டும் விட்றாத" என்றார். ஒரு வாரம் அப்படியே செய்தேன். செருப்பு மாட்டி, தெருவைத் தாண்டி, அங்கே போய் உட்காருவது. வந்தது வந்தோம் என்று மூன்றாம் நாள் ஒரு சுற்று நடந்தேன். எத்தனையோ ஊக்கப் பேச்சு கேட்டிருக்கிறேன். இவ்வளவு உருப்படியான யோசனையை வேறு யாரும் சொன்னதில்லை.

73 கிலோ வரை வந்திருந்தபோது அம்மா போய்விட்டார். சிறுநீரகம் முதலில், பிறகு இதயம்; சர்க்கரை தன் கணக்கை நீண்ட வருடங்களாக எழுதி வைத்திருந்தது. துக்க வீட்டில் அடுப்பு எரியாது. உறவுக்காரர்கள் முறை வைத்துச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். இட்லி, சாம்பார், புளியோதரை, பொட்டலம் பொட்டலமாகப் பரோட்டா. "சாப்பிட்டாத்தான் தெம்பா அழ முடியும்" என்று ஒரு பெரியம்மா வாயில் ஊட்டினார். காரியம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் நான் தின்றுகொண்டேதான் இருந்தேன். சர்க்கரைக்காகத் தன் பேத்தியின் பிறந்தநாள் கேக்கில்கூடக் கைவைக்காத அம்மாவே போய்விட்டாள், இனி எதற்கு இதெல்லாம் என்று மனம் சொன்னது. அந்த மாதங்களில் கருவியில் ஏறவில்லை. வீட்டிலும் யாரும் எதுவும் சொல்லவில்லை. மாமியார்கூட ரசம் வைப்பதை விட்டுவிட்டார். புடவைக் கொசுவத்தில் கூடிய மடிப்பு போயிற்று.

டீச்சரக்கா துக்கம் விசாரிக்க வந்தார். அரை மணி நேரம் உட்கார்ந்து அம்மாவைப் பற்றிக் கேட்டார். எடையைப் பற்றி, நடையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எழுந்து போகும்போது வாசலில் நின்று, "நான் வழக்கம்போல வடக்குக் கரையிலதான் இருப்பேன்" என்று மட்டும் சொன்னார். மறுநாளே நான் போய்விடவில்லை. ஒரு மார்கழிக் காலையில் தூக்கம் வராமல் எழுந்தபோது போகத் தோன்றியது. "வந்துட்டியா, நட" என்றார். கருவியில் ஏறியபோது 78.

திரும்ப இறங்குவது முதல்முறையைவிட மெதுவாகத்தான் நடந்தது. அந்தக் காலத்தில் எனக்குப் பிடிமானமாக இருந்தது ஒரு சென்னை ஆய்வு. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 2006-இல் வெளியிட்டது. என்னைப் போல நடுவில் நின்ற 531 பேரை எடுத்துக்கொண்டு, அவர்களில் ஒரு பகுதியினருக்கு உணவையும் நடையையும் மட்டும் திருத்தி, மூன்று வருடம் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். அவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் அபாயம் 28.5 சதவீதம் குறைந்திருந்தது. நான் இரண்டு முறை படித்த இடம் அடுத்து வருவது: அவர்களின் எடை பெரிதாகக் குறையவில்லை. எண் அசையாத மாதங்களிலும் உள்ளே ஏதோ நடந்துகொண்டுதான் இருக்கிறது என்பதற்கு எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. அதன்பிறகு வெள்ளிக்கிழமைகளில் ஏறி இறங்குவது பால் கணக்குப் பார்ப்பதைப் போல ஆகிவிட்டது.

இப்போது 74-இல் இருக்கிறேன். ஹெச்பிஏ1சி 5.8. இந்தியர்களுக்கான கணக்குப்படி உடல் நிறைக் குறியீடு 23-க்குள் இருக்க வேண்டும். என் உயரத்துக்கு அது 57 கிலோவுக்குள். கல்யாணத்தன்றுகூட நான் 57 இல்லை. அந்த எண்ணைத் தொட வேண்டும் என்ற ஆசையும் இல்லை. டாக்டர் கேட்ட ஐந்து கிலோவுக்குமேல் போயிருக்கிறது, ஊசி இன்னும் வீட்டுக்குள் வரவில்லை. அடுத்த வருடம் 76 ஆகலாம், 72-உம் ஆகலாம். தெப்பக்குளத்துக்குப் போகிறேன், சில நாள் நடக்கிறேன், சில நாள் உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.

இதைப் படிக்கிறவர்களில் டயட் இருப்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் புதிதாக எதுவும் இல்லை. நான் கேட்பது டயட் இல்லாதவர்களிடம். வரும் தை, மாசி முகூர்த்தங்களில் நீங்கள் பந்தி விசாரிக்கும்போது யாராவது கையால் இலையை மறைத்தால், காரணம் கேட்காதீர்கள், ஒன்றுதானே என்று சொல்லாதீர்கள், விரல் சந்தில் ஜாங்கிரியைச் செருகாதீர்கள். மாலை போட்ட சாமியை எப்படி விடுவீர்களோ அப்படியே அவரையும் விட்டுவிட்டு அடுத்த இலைக்குப் போங்கள். அவருக்கு வேண்டுமானால் அவரே கேட்பார்.